சர்வர் பதில் சொல்லாவிட்டால் யார் பொறுப்பு?

பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு புதுச்சேரி தாலுகா அலுவலகங்களில் கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் விண்ணப்பத்துக்குச் சாதிச் சான்று வேண்டும், குடியிருப்புச் சான்று வேண்டும், வருமானச் சான்றும் வேண்டும். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வில்லியனூருக்கோ பாகூருக்கோ வந்து வரிசையில் நிற்கும் தகப்பனுக்கு, கவுன்டரை எட்டிய நேரத்தில் காதில் விழக்கூடாத சொல் ஒன்று உண்டு: “சர்வர் டவுன்.”

“எப்ப சார் வரும்?”

“தெரியலைங்க. நாளைக்கு வந்து பாருங்க.”

இந்த உரையாடலில் யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. ஊழியர் மறுக்கவில்லை, தாசில்தார் மறுக்கவில்லை, சட்டமும் மறுக்கவில்லை. ஆனாலும் வந்தவர் வெறுங்கையோடு திரும்புகிறார். இயந்திரம் பதில் சொல்லாமல் இருந்ததை எல்லோருமாகச் சேர்ந்து ‘முடியாது’ என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். இந்த வழக்கத்தை மாற்ற வேண்டும். மாற்றும் வழியும் தொழில்நுட்பத்துக்குள்ளேயே இருக்கிறது.

சர்வர் டவுன் என்று சொல்லப்படும் பல நேரங்களில் ஆவணங்கள் இருக்கும் கணினி நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். கேட்பவர் யார் என்று சரிபார்க்கும் கணினி மட்டும் எட்டாமல் போயிருக்கும். பெரிய மருத்துவமனையிலோ கல்லூரியிலோ ஒரு மடிக்கணினியை நெட்வொர்க்கில் இணைத்தால், நெட்வொர்க் சுவிட்ச் உடனே வழிவிடாது. ‘ரேடியஸ்’ எனப்படும் சரிபார்ப்பு சர்வரிடம் கேட்கும். சரி என்று பதில் வந்தால் திறக்கும், தவறு என்று வந்தால் மூடும். மூன்றாவதாக ஒன்றும் நடக்கலாம்: பதிலே வராமல் போகலாம். சுவிட்ச் சில நொடிகள் காத்திருக்கும், மறுபடி கேட்கும், பிறகு கைவிடும். அந்த நிலையில் திறப்பதா மூடுவதா என்பதைச் சுவிட்ச் தானாக யோசிப்பதில்லை. அதை நிறுவிய பொறியாளர் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதாமல் விட்டால் தொழிற்சாலையிலிருந்து வந்த அமைப்பு எதுவோ அதுதான் சட்டம்.

நல்ல பொறியாளர்கள் எழுதி வைப்பார்கள். சர்வர் பேசாவிட்டால், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை வெளியேற்றாதே. புதிதாக வருபவர்களை முழு நெட்வொர்க்குக்குள் விடாமல், அவசர வேலைக்குப் போதுமான தனிப் பகுதியில் மட்டும் அனுமதி. சிஸ்கோ சுவிட்சுகளில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. விண்டோஸ் கணினியும் இதே வழிதான்: அலுவலக சர்வர் எட்டாத நேரத்தில், அந்தக் கணினியில் முன்பு லாகின் செய்தவர்களில் கடைசிப் பத்துப் பேரை நினைவில் வைத்து, சரியான பாஸ்வேர்டு கொடுத்தால் உள்ளே விடும். மைக்ரோசாப்ட் வைத்திருக்கும் இயல்பான எண் அது. நிறுவனங்கள் கூட்டலாம், குறைக்கலாம்.

பதில் வராதபோது என்ன செய்வது என்று யோசிக்காத அலட்சியம் தாலுகா அலுவலகத்தோடு நிற்பதில்லை. 2020 டிசம்பர் 14 அன்று உலகம் முழுவதும் ஜிமெயில், யூடியூப், கூகுள் டிரைவ் எல்லாம் முக்கால் மணி நேரத்துக்கு முடங்கின. இந்தியாவில் அப்போது மாலை நேரம். அன்று சிலர் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: லாகின் செய்யாமல், மறைவுச் சன்னலில் திறந்தால் யூடியூப் ஓடியது. வீடியோக்கள் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. அரைகுறையாகக் கைவிடப்பட்ட பழைய மென்பொருள் ஒன்று தவறான பயன்பாட்டுக் கணக்கைக் கொடுத்ததால், பயனர் யார் என்று அடையாளம் காணும் அமைப்பின் சேமிப்பு ஒதுக்கீடு தானாகக் குறைக்கப்பட்டதே காரணம் என்று கூகுள் பிறகு விளக்கியது. நம்மை யார் என்று தெரியாததால் மட்டுமே கோடிக்கணக்கானோர் வெளியே நின்றோம்.

அடுத்த ஆண்டு அக்டோபர் 4 அன்று பேஸ்புக்கின் முறை. ஏறக்குறைய 6 மணி நேரம் பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் இணைய வரைபடத்திலிருந்தே மறைந்தன. பழுது பார்க்கும் பொறியாளர்கள் தொலைவிலிருந்து நுழையும் பாதையும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால் அதுவும் போனது. நேரில் ஆள் அனுப்பினால், தரவு மையங்களின் பாதுகாப்பு அடுக்குகளைத் தாண்டி உள்ளே போகவே நேரம் பிடித்தது என்று நிறுவனமே எழுதியது. பூட்டைப் பழுது பார்க்கும் சாவியை அந்தப் பூட்டுக்குள்ளேயே வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அப்படியானால் பதில் வராதபோது எல்லாக் கதவையும் திறந்துவிடலாமா? கூடாது. சர்வர் படுத்தால் கதவு திறக்கும் என்று தெரிந்தவுடன், உள்ளே வர நினைக்கும் திருடன் முதலில் சர்வரைப் படுக்க வைப்பான். சர்வர் படுத்தால் கதவு மூடும் என்றால், மருத்துவமனையை முடக்க நினைப்பவனும் அதையேதான் செய்வான். இரண்டு பக்கமும் ஆபத்து இருப்பதால்தான், திறப்பதா மூடுவதா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. எந்தக் கதவு, எவ்வளவு அகலம், எவ்வளவு நேரம் என்று பிரித்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

பணம் புழங்கும் இடங்களில் இந்தப் பிரிவினை நீண்ட காலமாக இருக்கிறது. கார்டைத் தேய்க்கும்போது வங்கியின் கணினி பதில் சொல்லாவிட்டால், விசா, மாஸ்டர்கார்டு போன்ற அமைப்புகள் வங்கிக்குப் பதிலாகத் தாமே ஒரு வரம்புக்குள் அனுமதி கொடுத்துவிட்டு, பிறகு வங்கியிடம் கணக்கை ஒப்படைக்கும் ஏற்பாடு உண்டு. அந்த வரம்பை முன்கூட்டியே வங்கிதான் சொல்லி வைக்கிறது. யுபிஐ லைட் இன்னும் எளிது. கைபேசியிலேயே சிறு தொகையை ஒதுக்கி வைத்து, ஒவ்வொரு முறையும் பின் கேட்காமல், வங்கியின் மையக் கணினியைத் தொந்தரவு செய்யாமல் செலுத்தும் முறை. 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி இதன் வரம்பை ஒரு முறைக்கு 1,000 ரூபாயாகவும் மொத்த இருப்புக்கு 5,000 ரூபாயாகவும் உயர்த்தியது. இழப்பு நேர்ந்தாலும் எவ்வளவு என்பது முன்பே தெரியும். அந்தத் தொகையைத் தாங்கத் தயார் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டின் மீன் அங்காடியில் இந்த வரம்பை யாரும் எழுதி வைப்பதில்லை. யுபிஐ சுற்றிக்கொண்டே நிற்கும்போது மீன்கார அம்மா வாங்குபவரின் முகத்தைப் பார்ப்பார். தெரிந்த முகமென்றால் “போய்ட்டு வா, அப்புறம் குடு” என்பார். தெரியாத முகமென்றால் மீன் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு “இன்னொரு தடவை போட்டுப் பாருப்பா” என்பார். கிலோ கணக்கில் வஞ்சிரம் கேட்டால் தெரிந்த முகத்துக்கும் யோசிப்பார். கேட்பவர் யார், பொருளின் மதிப்பு என்ன, நஷ்டம் வந்தால் தாங்குமா என்ற மூன்றும் அந்த ஒரு பார்வைக்குள் முடிந்துவிடும்.

“இன்னொரு தடவை” என்பதிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுவதும் யுபிஐ பல மணி நேரம் தடுமாறியது. பணம் போய்ச் சேர்ந்ததா என்று வங்கிகளின் கணினிகள் திரும்பத் திரும்ப விசாரித்து மைய அமைப்பைத் திணறடித்தது காரணமாகச் சொல்லப்பட்டது. அதன்பின் அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் இப்படி விசாரிப்பதற்கு எண்ணிக்கையும் இடைவெளியும் விதிக்கப்பட்டன. பதில் வராத சர்வரை எல்லோரும் சேர்ந்து விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் எழுந்து வர நினைக்கும் சர்வரும் மறுபடி விழும். சரிபார்ப்பு சர்வர்களுக்கும் இதே கதிதான்: மின்சாரம் வந்த நொடியில் ஆயிரக்கணக்கான கருவிகள் ஒரே நேரத்தில் லாகின் கேட்டு மோதும். திரும்பி வரும் வேளையைப் படிப்படியாக நடத்துவதும் திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும்.

பணத்துக்கு இவ்வளவு யோசித்த நாடு, அரிசிக்கு யோசித்த விதம் வேறு. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020 அக்டோபரில் விரல்ரேகைச் சரிபார்ப்பு வந்தது. தொடக்கத்திலேயே சர்வர் திணறியது. கடை ஊழியரும் அட்டைதாரரும் ஒருவரையொருவர் குறை சொல்லும்படி ஆனது. ரேகை எடுபடாவிட்டால் ஸ்மார்ட் கார்டை ஸ்கேன் செய்து பொருள் கொடுக்கலாம் என்ற தளர்வு பிறகுதான் வந்தது. அந்தத் தளர்வு முதல் நாளே இருந்திருக்க வேண்டியது. ஏனென்றால் மத்திய உணவு, பொது விநியோகத் துறை 2017 அக்டோபர் 24 அன்றே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது: நெட்வொர்க் கோளாறாலோ ரேகை பொருந்தாததாலோ யாருக்கும் உணவு தானியம் மறுக்கப்படக் கூடாது, அப்படிப்பட்டவர்களுக்குக் கொடுத்ததைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகாவில் ரேஷன் அட்டை ரத்தான குடும்பத்தின் 11 வயதுச் சிறுமி இறந்து, பட்டினிச் சாவு என்று குடும்பத்தினர் சொல்ல, அரசு மறுக்க, நாடே கொந்தளித்த பிறகு எழுதப்பட்ட கடிதம் அது. 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், சரிபார்ப்புத் தோல்வியைக் காரணம் காட்டித் தகுதியுள்ளவருக்கு மறுக்கக் கூடாது என்பதைப் பதிவு செய்தது.

விதி இருக்கிறது. கடைக்காரர் கையில் இருக்கும் கருவிக்குத்தான் அந்த விதி தெரியாது. ‘ரேகை பொருந்தவில்லை’ என்பதும் ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்பதும் முற்றிலும் வேறு செய்திகள். முதலாவது, எதிரில் நிற்கும் ஆளைப் பற்றிய சந்தேகம். இரண்டாவது, அரசின் பழுது. வரிசையில் நிற்கும் மூதாட்டிக்கு இரண்டும் ஒன்றாகவே போய்ச் சேர்கின்றன. சுண்ணாம்பும் சாம்பலும் பட்டுத் தேய்ந்த விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கிறார். கோளாறு தன் விரலில் இருப்பதாகவே அவர் நினைக்கிறார்.

புதுச்சேரிக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. 2015 செப்டம்பரில் சண்டிகரோடு சேர்ந்து, அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் முறைக்கு முதலில் மாறிய ஒன்றியப் பிரதேசம் இது. அரிசியா பணமா என்ற சண்டை துணைநிலை ஆளுநர் மாளிகைக்கும் அமைச்சரவைக்கும் இடையே நீதிமன்றம் வரை போனது. மூடிக் கிடந்த ரேஷன் கடைகள் 2024 அக்டோபரில் தீபாவளியை ஒட்டித்தான் மீண்டும் திறந்தன. புதிதாகத் தொடங்கும் இடத்தில் பழைய தவறுகளைக் கொண்டுவர வேண்டியதில்லை. ரேஷன் பட்டியல் மணிக்கு மணி மாறுகிற ஒன்றல்ல. நேற்றிரவு இறக்கி வைத்த பட்டியல் கருவிக்குள்ளேயே இருந்தால், இன்று சர்வர் இல்லாமலே கொடுக்கலாம். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதைக் கருவி குறித்துக்கொண்டு, இணைப்பு வந்ததும் அனுப்பினால் போதும்.

கடைகள் திறந்து ஒரு மாதம் கழித்து, நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்று கொட்டியது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கிருஷ்ணா நகர் வீடுகளில் தண்ணீர் ஏற, ராணுவம் படகோடு வந்தது. மின்சாரம் போனது. ரேஷன் அட்டை வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5,000 ரூபாய் நிவாரணம் என்று முதல்வர் ரங்கசாமி அறிவித்தார். இப்படிப்பட்ட நாட்களில்தான் அரிசியும் மருந்தும் பணமும் அவசரமாகத் தேவைப்படும். இப்படிப்பட்ட நாட்களில்தான் சர்வரும் எட்டாது. தேவையும் பழுதும் சேர்ந்தே வரும் கடற்கரை ஊரில், ‘நாளைக்கு வாங்க’ என்பதை மாற்று ஏற்பாடு என்று சொல்ல முடியாது.

மருத்துவமனைக்கு வருவோம். கோரிமேட்டில் ஜிப்மர் வாசலில் விடியும் முன்பே கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்தவர்கள் நிற்பார்கள். அங்கே ஒரு மணி நேரம் பதிவு நின்றால் வரிசை எவ்வளவு நீளும் என்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டெல்லி எய்ம்ஸில் அது ஒரு மணி நேரத்தோடு முடியவில்லை. 2022 நவம்பர் 23 அன்று இணையத் தாக்குதலில் அதன் 5 சர்வர்கள் முடங்கின, சுமார் 1.3 டெராபைட் தரவு திறக்க முடியாதபடி பூட்டப்பட்டது. புறநோயாளிப் பதிவும் ரத்தப் பரிசோதனையும் ஏறக்குறைய இரண்டு வாரம் காகிதத்தில் நடந்தன. நடந்தன என்பது முக்கியம். சீட்டு எழுதத் தெரிந்த ஊழியர்கள் அங்கே இன்னும் இருந்தார்கள். இன்னும் பத்து ஆண்டுகள் கழித்து, கையால் சீட்டு எழுதியே பழகாத தலைமுறை அந்தக் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்வது? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருள் கோளாறில் உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றபோது, இந்திய விமான நிலையங்களில் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். பலர் அதைப் படமெடுத்துப் போட்டுச் சிரித்தார்கள். ஆனால் விமானம் ஏறினார்கள்.

மாற்றுப் படி வைத்துக்கொள்ளும் புத்தி புதுச்சேரிக்குப் புதிதல்ல. 1776 ஜூனில் பிரெஞ்சு மன்னரின் ஆணை ஒன்று, காலனிகளில் எழுதப்படும் ஞானஸ்நான, திருமண, இறப்புப் பதிவேடுகளின் படிகளைப் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்றது. அவற்றுக்கென வெர்சாயில் ஒரு காப்பிடம் ஏற்பட்டது. பின்னால் வந்த பிரெஞ்சு உரிமையியல் சட்டமும் குடிமைப் பதிவேடுகளை இரண்டு படிகளில் எழுதச் சொன்னது. புயலும் கரையானும் போரும் பார்த்த ஊரின் பதிவுகள் பலவற்றை இன்று தெற்குப் பிரான்சின் ஆக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் காப்பகத்தின் இணையதளத்தில் பார்க்க முடிவது இதனால்தான். பிரெஞ்சுக் குடியுரிமை தொடர்பாகத் தாத்தாவின் பிறப்புப் பதிவைத் தேடும் புதுச்சேரிக் குடும்பங்கள் இன்றும் நாந்த் நகரத்து அலுவலகத்துக்கு எழுதுகின்றன. கப்பலில் போன படி பல மாதங்கள் பழையதாகத்தான் இருந்திருக்கும். பழையதாக இருந்தாலும் பயன்பட்டது. கடற்கரைச் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய ‘மேரி’ எனப்படும் நகராட்சிக் கட்டடமே 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததைக் கண்ட ஊருக்கு, எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைப்பதன் ஆபத்தைப் பாடம் எடுக்க வேண்டாம்.

சர்வர் இல்லாதபோது கையால் எழுதிக் கொடுத்தால் ஊழல் நடக்கும், போலிகள் நுழைவார்கள் என்பது இத்தகைய மாற்று ஏற்பாடுகளுக்கு வரும் எதிர்வாதம். அதில் உண்மை இருக்கிறது. கணினி வந்ததே அதற்காகத்தான். எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வைக்காமல் இருந்தால் அந்தப் பயத்தைச் சமாளிக்கலாம். அரிசி, மாத்திரை, புறநோயாளிச் சீட்டு, விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது ஆகியவை சர்வர் இல்லாவிட்டாலும் கிடைக்க வேண்டியவை. ஒரு மாத அரிசி தவறான கைக்குப் போவதால் அரசு திவாலாகாது. சான்றிதழ் நடுவகை: விண்ணப்பத்தை இன்று வாங்கலாம், கையெழுத்து நாளை ஆகலாம். பத்திரப் பதிவு, பெரிய தொகைப் பரிமாற்றம், பட்டியலிலிருந்து ஒருவர் பெயரை நீக்குவது ஆகியவை மூடியே இருக்க வேண்டும். அவசரத்தில் யாருடைய வீட்டையும் யார் பெயருக்கும் மாற்ற வேண்டிய தேவை வருவதில்லை.

புதுச்சேரி அரசு செய்ய வேண்டியவை சில. சர்வர் பதில் தராத நேரத்தில் கவுன்டரில் நேரமும் தேதியும் அச்சிட்ட சீட்டு ஒன்று தர வேண்டும். விண்ணப்பத்தின் கடைசி நாள் அன்றாக இருந்தால் அந்தச் சீட்டே போதுமான சான்று என்று ஆணையிட வேண்டும். இதற்கு முன்னுதாரணம் உண்டு. வருமான வரி இணையதளம் திணறுகிறது என்ற புகார்களுக்கு நடுவே, 2025 செப்டம்பர் 15 என்றிருந்த கடைசி நாளை மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு நாள் நீட்டித்தது. வரி கட்டுபவருக்குக் கிடைத்த அந்த ஒரு நாள் சென்டாக் மாணவருக்கும் கிடைக்கலாம். அடுத்து, சரிபார்ப்பு சர்வருக்கு ஒரு இரட்டை வேண்டும். அது அதே கட்டடத்தில், அதே மின் இணைப்பில் இருக்கக் கூடாது. எல்லாம் போனால் நுழைவதற்கான அவசர பாஸ்வேர்டு முத்திரையிட்ட உறையில், இரண்டு அதிகாரிகள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். உறையைப் பிரித்தால் யார், எப்போது, எதற்கு என்று மறுநாள் தணிக்கையாளர் கேட்க வேண்டும்.

இவை எல்லாம் காகிதத்தில் இருந்தால் போதாது, செய்து பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்பே, செப்டம்பரில் ஒரு சாதாரண வேலை நாளில், முன்னறிவிப்போடு ஒரு மணி நேரம் சரிபார்ப்பு சர்வரை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்கலாம். ஒரு தாலுகா அலுவலகம், ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், கொம்யூனுக்கு ஒரு ரேஷன் கடை போதும். எத்தனை பேர் வேலை முடிந்து போனார்கள், எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள், யார் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று எழுதி, அந்த அறிக்கையைத் தலைமைச் செயலர் சட்டமன்றத்தின் பார்வைக்கு வைக்கட்டும்.